நூலைக் கையில் சுற்றக் கூடாது

மே 11, சனி

வாயைத் திறந்தால் சண்டை வருகிறது. ஆகவே இன்று முதல் இந்தக் கொப்பியில்தான் எழுதித் திட்டப்போகிறேன்.

விடிய ஐந்து மணிக்கு எழுப்பிவிட்டாள். என் மகள் சாம்பவிக்கு வயது இருபத்தாறு. வீடு வீடாகக் காரில் போய் நோயாளிகளைப் பார்க்கும் நேர்ஸ். ஜனவரி பன்னிரண்டு வரைக்கும் அப்படி இருந்தாள். அன்று கார் தரிப்பிடத்தில் வலிப்பு வந்து, கார் பனிக்குவியலில் ஏறி நின்றது. அதற்குப் பிறகு காலை மாலை மாத்திரை, லைசென்ஸும் பறிபோனது. ஆறு மாதம் ஒன்றும் வராமல் இருந்தால் ஜூலை பன்னிரண்டில் திரும்பக் கொடுக்கலாம் என்று நரம்பு டொக்டர் சொல்லியிருக்கிறார். வேலையையும் அதுவரைக்கும் வைத்திருப்பார்களாம்.

இடைப்பட்ட காலத்தில் ஒரு பிள்ளை என்ன செய்யலாம்? படம் பார்க்கலாம், தையல் பழகலாம். இவளுக்கு வில்லால் மீன் அடிக்க வேண்டுமாம். பல்கலைக்கழகத்தில் வில் பழகியவள். வீட்டுக்குள் இருந்து தனக்கு மூச்சு முட்டுகிறதாம். கூட்டிக்கொண்டு போக யார் இருக்கிறார்கள்? இவளுடைய அப்பா பெரிய லொறியோடு வினிபெக் பக்கம் நிற்கிறார். அவர் ஆசைப்பட்டு வாங்கி, மூன்று வருடமாகத் தண்ணீரையே காணாமல் கிடந்த அலுமினிய வள்ளத்தை இழுத்துக்கொண்டு போனது நான்.

வள்ளத்தை ஏற்றிய இழுவைப் பெட்டியை ரிவர்ஸில் ஏரிக்கு இறக்குவது மனிதர் செய்கிற வேலை இல்லை. இடப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கம் போகிறது. நாயோடு நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவன், "நன்றாகத்தான் செய்கிறாய்" என்று சொன்னான். ஒன்பதாவது தரம் முயன்றுகொண்டிருந்தபோது சொன்னான்.

வள்ளம் இறங்கியதும், "கயிறைப் பிடி" என்று இவளிடம் கொடுத்தேன். காரை விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் வள்ளம் தன்பாட்டில் ஏரிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இவள் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கயிறு காலடியில் கிடக்கிறது. மூன்று தரம் கூப்பிட்டேன். அந்தக் கிழவன்தான் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பிடித்துத் தந்தான்.

"என்னடி, கயிறை விட்டிட்டியே?"

"ஆ? என்னம்மா?"

கனாக் காண்பதற்கு ஐந்து மணிக்கு எழும்ப வேண்டுமா? கட்டிலிலேயே காணலாமே. மீன் ஒன்றும் கிடைக்கவில்லை.

மே 12, ஞாயிறு

நாரி நோவு, குனிய நிமிர முடியவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

மே 18, சனி

இன்று பாடம் நடந்தது. படித்தவள் நான்.

வில்லில் ஒரு போத்தல் பூட்டியிருக்கிறது. அதற்குள் வெள்ளை நூல், சப்பாத்து நூல் அளவு தடிப்பு, அடுக்கடுக்காக விழுந்து கிடக்கும். நூலின் மற்றத் தலைப்பு அம்பில் இருக்கும். அம்பு போனால் நூலும் போகும். மீனில் அம்பு ஏறினால் முனையிலுள்ள முள் விரிந்து பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நூலைக் கையால் இழுத்து மீனை வள்ளத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வேலை எனக்காம். அம்மா இருப்பதே அதற்குத்தானே.

"முதல்ல கையுறை போடுங்கோ. மீன் ஓடினா ஓட விடுங்கோ, மல்லுக்கட்டக் கூடாது. ஆனா நூல் தொய்யவும் கூடாது. இழுத்த நூலைக் காலடியில போடாதேங்கோ, வாளிக்குள்ள விடுங்கோ. எல்லாத்தையும் விட முக்கியம், நூலைக் கையில சுத்தவே கூடாது."

"சுத்தினா?"

"அது போற இடத்துக்கு நீங்களும் போவீங்கள்."

அவளுக்கு உயிர்காப்பு அங்கியைப் போடச் சொல்ல அரை மணித்தியாலம் வாக்குவாதம். "ஆழம் நெஞ்சளவுதானே அம்மா." நான் வள்ளத்துக்குள் ஏற மாட்டேன் என்று கரையில் குந்தியிருந்த பிறகுதான் போட்டாள்.

மே மாதத்தில் கார்ப் மீன்கள் முட்டை போடப் புல்லுக்குள் வருகின்றன. முதுகு வெளியே தெரியப் புரளுகின்றன. மீன் தெரிகிற இடத்தில் மீன் இல்லையாம், அதற்குக் கீழே இருக்கிறதாம். கீழே பார்த்து அடித்தாள். பட்டது. நூல் போத்தலைவிட்டுச் சர்ரென்று போனது. "அம்மா, பிடியுங்கோ!" பிடித்தேன். அது மீன் இல்லை, பன்றிக்குட்டி. ஓடியது, விட்டேன். நின்றது, இழுத்தேன். கை மாறி மாறி இழுத்து வள்ளத்தின் ஓரத்துக்குக் கொண்டுவர, அவள் கொளுக்கியால் கொளுவித் தூக்கிப் போட்டாள். என் சட்டையெல்லாம் வழுவழுப்பு.

பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது, கோப்பையைச் சரித்துத் தன் மடியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தாள். சுடச்சுடத் தேத்தண்ணி. இவளுக்குத் தெரியவில்லை. கோப்பையை நான் பறித்த பிறகுதான் குனிந்து பார்த்தாள். "கை வழுக்கிப் போச்சு" என்றாள். மீன் வழுவழுப்புத்தான்.

பழப்புளி விட்டு வைத்தும் குழம்பில் சேற்று மணம் போகவில்லை.

மே 29, புதன்

இரவுச் சாப்பாட்டில், "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?" என்று நான்கு தரம் கேட்டேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், பதில் இல்லை. அவ்வளவு திமிர். பிறகு, "அம்மா, சோறு இருக்கோ?" என்று கேட்கிறாள்!

இவர் தொலைபேசியில் வந்தார். "பிள்ளை எப்பிடி?"

"அவளுக்கென்ன. ராசாத்தி மாதிரி இருக்கிறாள்."

"ஒண்டும் வரேல்லைத்தானே?"

"வந்தாச் சொல்ல மாட்டனே?" என்று அவரோடு ஏனோ எரிந்து விழுந்தேன்.

ஜூன் 8, சனி

நுளம்புக்கடி. வெயில். மோட்டர் இரண்டு தரம் நின்றது. அது நின்றால் துடுப்புப் போடுகிறவள் யார் என்று எழுதத் தேவையில்லை.

வாழ்க்கையில் கண்டிராத பெரிய மீன் ஒன்று வள்ளத்துக்கு முன்னால் ஆறடியில் வந்து நின்றது. வில்லைப் பாதி இழுத்தபடி நிற்கிறாள். "அடி, அடி" என்று குசுகுசுத்தேன். அடிக்கவில்லை. நாண் மெல்லத் தளர்ந்தது. வாய் மட்டும் எதையோ மெல்லுவதுபோல அசைந்துகொண்டிருந்தது. இவளிடம் சூயிங்கம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. மீன் வால் அடித்துவிட்டுப் போய்விட்டது.

"ஏனடி அடிக்கேல்லை?"

"எதை?"

வரும் வழியெல்லாம் நான் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கோபத்தில்தான்.

ஜூன் 15, சனி

ஏழு மீன்! நாலு என் கையால் ஏறியவை. மீன் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று நூலிலேயே தெரிகிறது. ஓடப்போகிற நேரம் ஒரு சின்ன நடுக்கம் வரும், அந்த நேரம் விரலைத் தளர்த்தினால் சரி. அம்பைக் கழற்றவும் பழகிவிட்டேன். முனையை இரண்டு சுற்றுத் திருகினால் முள் மடங்கும். இதெல்லாம் எனக்கு என்னத்துக்கு?

"அம்மா, உங்களுக்கு இது பிடிச்சிட்டுது" என்று சிரித்தாள். ஜனவரிக்குப் பிறகு அவள் பல்லைக் கண்டது இன்றைக்குத்தான்.

"விசர்க்கதை கதையாதை. கார் நாறுது" என்றேன்.

ஜூன் 22, சனி

போத்தலுக்குள் நூல் சிக்குப்பட்டுவிட்டது. சிக்கோடு அம்பு விட்டால் அம்பு திரும்பி எங்களையே குத்தும் என்று இவள்தான் சொல்லித் தந்தாள். ஆனால் பார்க்காமல் நாணை இழுத்தவளும் இவள்தான். நல்ல வேளை நான் கண்டு கத்தினேன். ஒன்றரை மணித்தியாலம் வள்ளத்தில் இருந்து சிக்கெடுத்தேன். அந்த நேரம் அவள் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு இருந்தாள். திருகுகிறாள், திருகுகிறாள், கண் ஓரிடத்தில் நிற்கிறது. நான் நூலைப் பார்த்தேன். சிக்கெடுக்கும்போது நூலைத்தானே பார்க்க வேண்டும்.

இரவு, "மாத்திரை எடுக்கிறனி தானே?" என்று கேட்டேன்.

"நான் நேர்ஸ் அம்மா."

இன்னும் இருபது நாள்.

ஜூன் 29, சனி

எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை, எழுதுகிறேன்.

பத்து மணி இருக்கும். நாணல் பக்கம், வேறு வள்ளம் எதுவும் இல்லை. பெரிய மீன் ஒன்றில் அம்பு ஏறியது. நான் முன்பக்கம் நாணலில் மாட்டியிருந்த துடுப்பை எடுத்துக்கொண்டிருந்தேன். நூலை அவளே பிடித்தாள். "அம்மா, இது நாப்பது இறாத்தல் வரும்!" என்றாள். அதுதான் கடைசியாகத் தெளிவாகச் சொன்னது.

திரும்பிப் பார்க்கிறேன், அதே பார்வை. வாய் மெல்லுகிறது. வலது கை தன்பாட்டில் வட்டம் வட்டமாகச் சுற்றுகிறது, நூலைச் சுற்றிக்கொண்டே. ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. "சாம்பவி, கையை எடு!" அவளுக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியும். மீன் ஓடியது. அந்த நேரமே அவள் உடம்பு விறைத்தது. மரம் சாய்வதுபோல வள்ளத்தின் ஓரத்தால் தண்ணீருக்குள் போனாள்.

எனக்கு நீந்தத் தெரியாது. குதித்தேன். சேறு முழங்கால் வரை வாங்கியது, தண்ணீர் நெஞ்சுக்கு. அங்கி அவளை மிதக்க வைத்தது, ஆனால் மீன் வலது கையைப் பிடித்து இழுக்க, குப்புறப் புரண்டு முகம் தண்ணீருக்குள் போய்விட்டது. கழுத்துப் பட்டியில் பிடித்து முகத்தை நிமிர்த்தினேன். உடம்பு முழுக்க உதறுகிறது. நூல் இறுகி மணிக்கட்டு வெள்ளையாகிவிட்டது. கத்தி வள்ளத்துக்குள், வள்ளம் பத்தடி தள்ளி. ஒரு கையால்தான் நூலைப் பிடிக்கலாம். அந்தக் கை போதாது. நூலைக் கீழே அமத்தி, காலால் மிதித்துச் சேற்றுக்குள் அழுத்தினேன். மீன் இழுத்த இழுவையெல்லாம் என் காலுக்கு வந்தது. அவள் கைக்கு நூல் தளர்ந்தது. சுற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கடைசிச் சுற்று கழன்றதும் காலை எடுத்தேன். வில், போத்தல், அம்பு, மீன் எல்லாம் போய்விட்டன. போய்த் தொலையட்டும்.

எவ்வளவு நேரம் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. சிவபுராணம் சொல்லத் தொடங்கினேன், இரண்டாவது அடி வரவில்லை. பிறகு உதறல் நின்று, பெரிதாக மூச்சு விட்டாள். கண் திறந்தாள். நான் யாரென்று தெரியாமல் பார்த்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கரைக்கு இழுத்துக்கொண்டு வந்து புல்லில் கிடத்தினேன். அரை மணித்தியாலத்தில் தெளிந்தது.

"அம்மா, ஆரும் கண்டவையோ?"

"இல்லை."

"அப்ப இது நடக்கேல்லை."

"என்னடி சொல்லுறாய்?"

"இன்னும் பதிமூண்டு நாள் அம்மா. சொன்னா திரும்ப முதல்ல இருந்து ஆறு மாதம். வேலை இருக்காது. அப்பாட்டையும் சொல்லாதேங்கோ. என்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

பல்லுக் கிட்டிக்கொண்டு நடுங்குகிறாள், நாக்கைக் கடித்து வாயில் இரத்தம். நான் அந்த நேரம் என்ன சொல்ல?

ஜூன் 30, ஞாயிறு

சத்தியம் பண்ணிவிட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

எல்லாவற்றிலும் எரிச்சல். சோற்றை அடியில் பிடிக்கவிட்டேன். மணிக்கட்டுக் காயத்தை மறைக்க இவள் இந்த வெயிலில் நீளக்கைச் சட்டை போடுகிறாள். இவர் தொலைபேசி எடுத்து, பன்னிரண்டாம் திகதி தான் லீவு போட்டு வருவதாகவும் எல்லோருமாகச் சாப்பிடப் போவோம் என்றும் சொன்னார். "வாங்கோ" என்றேன். குரல் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டார். தடிமன், மூக்கடைப்பு என்றேன்.

ஜூலை 4, வியாழன்

முன்வீட்டில் இருக்கிற தாய் தன் இரட்டைப் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வீதியைக் கடந்தாள். நான் யன்னலில் நின்று பார்த்தேன். ஒரு கார் வந்து, அவள் கடக்கும்வரை நின்றது. அவ்வளவுதான், ஒன்றும் நடக்கவில்லை. காரை ஓட்டியவன் முழிப்பாக இருந்தான், நின்றான். நான் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பிறகு இந்தக் கொப்பியை முதலில் இருந்து வாசித்தேன். கயிறு. தேத்தண்ணி. சோறு. பெரிய மீன். பொத்தான். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு பேர் வைத்திருக்கிறேன், கனா, திமிர், வழுக்கல் என்று. எனக்குத் தெரியாது என்று எழுத இன்று கை வரவில்லை.

ஜூலை 5, வெள்ளி

அவளுக்குத் தெரியாமல் டொக்டருக்குத் தொலைபேசி எடுக்கலாம். ஆனால் அது களவு. காலையில் அவளுடைய கட்டில் ஓரத்தில் போய் இருந்தேன்.

"செவ்வாய்க்கிழமை நரம்பு டொக்டரிட்டைப் போகேக்க நான் சொல்லப் போறன். முதல்லயே உன்னட்டைச் சொல்லுறன்."

எழும்பி இருந்தாள். "சத்தியம் பண்ணினீங்கள்."

"பண்ணினன். முறிக்கிறன்."

"என்ர சீவியத்தை அழிக்கிறீங்கள். உங்களுக்கு விளங்குதோ? நான் உங்களுக்கு மீன் மாதிரி. இழுத்து இழுத்து வீட்டுக்குள்ள வைச்சிருந்தாச் சந்தோசம்."

எனக்கும் வாய் இருக்கிறதே. "ஓமடி! வீட்டுக்குள்ள உயிரோட வைச்சிருந்தாச் சந்தோசம்தான். நாளைக்கு நீ ஒரு கிழவிக்கு இன்சுலின் ஊசி போடேக்க கை சுத்தினா என்ன செய்வாய்? ரோட்டில ஒரு பிள்ளை குறுக்க வந்தா? நீ நேர்ஸ், நீ சொல்லு."

அவள் எழும்பி வெளியே போனாள். கதவை அடித்துச் சாத்தினாள். கதவின் மேல் ஆணியில் தொங்கிய கலண்டர் விழுந்தது. அதைத் திரும்ப மாட்டியவளும் நான்தான்.

ஜூலை 9, செவ்வாய்

டொக்டர் சின்ன வயசுக்காரி, அமைதியானவள். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஏரியில் நடந்ததைச் சொன்னேன். சாம்பவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு முன்னால் சின்னதாக ஏதாவது வந்ததா, வெறித்துப் பார்ப்பது, மெல்லுவது, கூப்பிட்டால் கேட்காமல் இருப்பது என்று டொக்டர் கேட்டாள். நாள் தெரிந்தால் நல்லது என்றாள். நான் கைப்பையில் இருந்து கொப்பியை எடுத்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்ல வராது. கொப்பியை மகளிடம் நீட்டினேன்.

சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். மே பதினொன்றை வாசித்து ஆங்கிலத்தில் சொன்னாள். கிழவனும் நாயும் வந்த இடத்தில் டொக்டர் சிரித்தாள், இவள் சிரிக்கவில்லை. தேத்தண்ணியை வாசித்தாள். "அவ்வளவு திமிர்" என்று இருந்த இடத்தில் நின்று, என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, அதையும் விடாமல் சொன்னாள். பெரிய மீன். பொத்தான். "நான் நூலைப் பார்த்தேன்" என்ற வரியில் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். பிறகு ஏரி. காலால் நூலை மிதித்ததை அவள் அறிந்திருக்கவில்லை. அந்த இடத்தை இரண்டு தரம் தமிழில் தனக்குள் வாசித்துவிட்டுத்தான் ஆங்கிலத்தில் சொன்னாள்.

டொக்டர் எழுதிக்கொண்டு, "அப்படியென்றால் ஆறு தடவை" என்றாள்.

சாம்பவி கொப்பியை மூடினாள்.  பிறகு தன் போனை எடுத்துத் திறந்து, மேசையில் டொக்டருக்கு முன்னால் தள்ளினாள்.

"பத்தொன்பது" என்றாள்.

போனில் ஏப்ரலில் இருந்து வந்ததெல்லாம் எழுதியிருக்கிறது. நாள், நேரம், முழித்தபோது எங்கே இருந்தாள் என்பது. குளியலறை. படிக்கட்டு. இரவு இரண்டு மணிக்குக் குசினியில், அடுப்பு எரிந்துகொண்டு. நான் அடுத்த அறையில் நித்திரை.

டொக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறாள். கார் இல்லை, வள்ளம் இல்லை, வில் இல்லை. ஆறு மாதம் முதலில் இருந்து.

காருக்குள் வந்து இருந்ததும் கேட்டேன். "ஏன் பிள்ளை என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீங்கள் ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

நான் காரை எடுத்தேன். முன்னால் போனவன் சிக்னல் போடாமல் திரும்பினான். அவனை நன்றாகத் திட்டினேன்.

ஜூலை 12, வெள்ளி

இவர் வந்தார். நாங்கள் இருவருமாகச் சொன்னோம். முதலில் என்னோடு கத்தினார், பிறகு வள்ளத்தோடு கத்தினார், பிறகு மகளுக்குப் பக்கத்தில் போய் இருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சாப்பிட வெளியே போகவில்லை. புட்டு அவித்தேன்.

ஜூலை 17, புதன்

வேலையிடத்துக்குத் தானே தொலைபேசி எடுத்துச் சொன்னாள். வீடுகளுக்குப் போகிற வேலை இல்லை என்றுவிட்டார்கள். அலுவலகத்தில் இருந்து மற்ற நேர்ஸ்மார் எந்த வீட்டுக்குப் போவது என்று ஒழுங்கு செய்து கொடுக்க ஒருவர் வேண்டுமாம். கதிரையில் இருக்கிற வேலை. "நான் பொம்மை மாதிரி இருக்கப் போறன்" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். மூன்றாம் நாள் சட்டையை அயன் பண்ணினாள்.

அதற்கும் தினமும் கொண்டுபோய் விடுவது யார்? வேறு யார் இருக்கிறார்கள்?

ஜூலை 24, புதன்

காலை நெரிசல். ஊர்ந்து ஊர்ந்து போகிறோம். பக்கத்துப் பாதையில் ஒருத்தன் மூக்கை நுழைத்து எனக்கு முன்னால் வரப் பார்த்தான். நான் விடவில்லை. அவனுக்கும் எனக்கும் கண்ணாலேயே சண்டை நடந்துகொண்டிருந்தது.

"அம்மா."

"பொறு, இவனைப் பார்."

"அம்மா. இப்ப ஒண்டு வந்திட்டுப் போச்சு. சின்னன்தான்."

அவனை விட்டுவிட்டேன். போகட்டும். காரை ஓரமாக நிறுத்தினேன். அவள் முகம் வெளிறியிருந்தது, ஆனால் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம் எண்டு பார்த்தீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. நான் அவனோட மல்லுக்கட்டிக்கொண்டிருந்தனான்."

"சரி. அடுத்த முறை மணிக்கூட்டைப் பாருங்கோ."

"பார்க்கிறன்."

தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன். குடித்தாள். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அடிக்கட்டும்.

காலை எட்டு மணி பதினேழு நிமிடம். இருபதாவது. அவளே சொன்னாள்.